கெஸ்ட் கட்டில் வாங்கப் போறீங்களா? சுவரையும் கடல் காத்தையும் கேட்டுட்டு வாங்குங்க!

போன வருஷம் ஒரு ராத்திரி. மறுநாள் காலையில் கண் ஆஸ்பத்திரியில் அப்பாயின்ட்மென்ட். அதுக்காக அப்பா ஊரிலிருந்து பஸ் ஏறி, சென்னை கொட்டிவாக்கத்தில் இருக்கிற என் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தப்போ மணி பத்தரை. சாப்பாடு முடிஞ்சது. 'இதோ அஞ்சே நிமிஷம்ப்பா, படுக்கை ரெடி'ன்னு ஹாலில் இருந்த சோபா கம் பெட்டை இழுத்தேன். வரலை. நானும் ரூம்மேட்டும் சேர்ந்து இழுத்தோம். 'கிரீச்'னு ஒரு சத்தம், பாதி தூரம் வந்து அப்படியே நின்னுடுச்சு. முன்னாடியும் வரலை, பின்னாடியும் போகலை. டார்ச் அடிச்சுப் பார்த்தா கீல் முழுக்கத் துரு. வாங்கி ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகலை.

'விடும்மா, நான் கீழேயே படுத்துக்கிறேன்'னு அப்பா சொல்லிட்டார். மூட்டுவலிக்காரர். விடியக்காலை அஞ்சு மணிக்குக் கண் முழிச்சுப் பார்க்கிறேன், ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா, ரெண்டு தடவை முயற்சி பண்ணி எழுந்திரிக்கிறார். நான் பார்த்தது தெரிஞ்சதும், 'நல்லா தூங்குனேன்மா' என்றார். அது பொய்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியும்.

அந்த சோபாவை வாங்கும்போது நான் கடைக்காரர்கிட்ட கேட்டது ஒரே கேள்விதான்: 'மடிச்சா எவ்வளவு இடம் பிடிக்கும்?' நம்மில் பல பேர் கேட்கிறதும் அதைத்தான். ஆனா, மடிச்சு வைக்கிற கட்டிலை வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. யார் அதில் படுக்கப் போறாங்க, நம்ம வீட்டுச் சுவரும் தரையும் காற்றும் அந்தக் கட்டிலை எத்தனை நாள் உயிரோட விட்டுவைக்கும் என்பதுதான் முதல் கேள்வி. குறிப்பா ரெண்டு வகை வீட்டுக்காரங்க இதைக் கட்டாயம் கேட்கணும். ஒண்ணு, தாத்தா காலத்துப் பழைய வீடு வெச்சிருக்கிறவங்க. இன்னொண்ணு, கடலுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறவங்க, இல்லேன்னா ஈ.சி.ஆர், புதுச்சேரி மாதிரி இடங்களில் வீட்டை நாள் வாடகைக்கு விடுறவங்க.

முதலில் ஆளை அளங்க, அப்புறம் அறையை!

கட்டில் உயரம் ரொம்ப முக்கியம். சாதாரண நாற்காலியின் உயரம் சுமார் 18 அங்குலம். மெத்தையோடு சேர்த்துக் கட்டிலும் கிட்டத்தட்ட அந்த உயரத்தில் இருந்தால் பெரியவங்க உட்காரவும் எழவும் சுலபம். கடையில் ஒரு டெஸ்ட் பண்ணுங்க. கட்டில் ஓரத்தில் உட்காருங்க. ரெண்டு பாதமும் முழுசாத் தரையில் பதியணும், முட்டி இடுப்பைவிட மேலே போகக் கூடாது. கையை ஊன்றாமல் எழ முடியுதான்னு பாருங்க. இருபத்தஞ்சு வயசு உங்களுக்கே கஷ்டமா இருந்தா, அறுபத்தஞ்சு வயசு அம்மாவுக்கு எப்படி இருக்கும்?

அடுத்தது அறை. சிங்கிள் கட்டில் மெத்தை பொதுவா 72 அல்லது 78 அங்குல நீளம், 36 அங்குல அகலம். கட்டிலுக்கு மட்டும் இடம் இருந்தால் போதாது, அதை விரிச்ச பிறகும் பாத்ரூமுக்குப் போக வழி இருக்கணும். நடு ராத்திரியில் தூக்கக் கலக்கத்தில் எழுந்து வர்ற பெரியவங்க கால் இடறாம போகக் குறைஞ்சது ரெண்டு அடி வழி வேணும்.

டேப் இல்லையா? வீட்டில் இருக்கிற நாலு முழ வேட்டியைத் தரையில் விரிங்க. ஏறக்குறைய ஆறு அடி நீளம், நாலு அடி அகலம். ஒருத்தர் படுக்கிற கட்டிலும், பக்கத்தில் கால் வைக்க ஓரடியும்னு கணக்கு வெச்சுக்கலாம். அந்த வேட்டியைச் சுற்றி, லைட்டை அணைச்சிட்டு ஒரு தடவை நடந்து பாருங்க. எங்கே இடிக்குதுன்னு உங்க காலே சொல்லிடும்.

என்னென்ன வகை இருக்கு?

சோபா கம் பெட்: பகலில் சோபா, ராத்திரியில் கட்டில். அதிகமா விற்கிறதும், சீக்கிரம் மக்கர் பண்றதும் இதுதான். கீல், ஸ்பிரிங், தண்டவாளம்னு அசையும் பாகங்கள் நிறைய. நடுவில் மடியுற இடம் சரியா முதுகுக்குக் கீழே வருதான்னு படுத்துப் பார்த்துதான் வாங்கணும்.

இழுப்புக் கட்டில்: ஒரு கட்டிலுக்கு அடியில் இன்னொரு குட்டிக் கட்டில், சக்கரம் வெச்சது. ட்ரண்டில் பெட்னு சொல்வாங்க. ஒரு கட்டில் இடத்தில் ரெண்டு பேர் படுக்கலாம். கீழ்க் கட்டில் தாழ்வா இருக்கும். அது பிள்ளைகளுக்கும் நமக்கும்தான், பெரியவங்களுக்கு இல்லை.

சுவர்க் கட்டில்: அலமாரி மாதிரி நிமிர்ந்து நிற்கும், இழுத்தா கட்டில். 1900-களின் தொடக்கத்தில் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒற்றை அறை வீட்டில் இருந்த வில்லியம் மர்ஃபி என்பவரால் பிரபலமான ஐடியா. அதனால்தான் இதுக்கு 'மர்ஃபி பெட்'னு பேரு. உறுதியான சுவர் இருந்தால் மட்டும்தான் இது பாதுகாப்பு.

பாக்ஸ் திவான்: உள்ளே சாமான் வைக்கலாம். சில மாடல்களில் ஹைட்ராலிக் கம்பி மேலே தூக்கிக் கொடுக்கும். ஆனா, கனம் அதிகம், காற்றோட்டம் குறைவு.

மடக்குக் கட்டில், நாடாக் கட்டில்: பழைய ஆள்தான், ஆனா கெட்டிக்காரர். மடிச்சோ நிமிர்த்தியோ ஒரு ஓரமா வெச்சிடலாம். கீழே காற்று ஓடும். நாடா தொய்ஞ்சா திரும்ப இழுத்துக் கட்டிக்கலாம்.

தரை மெத்தை: இலவம்பஞ்சு மெத்தையோ மடிக்கிற ஃபோமோ, சுருட்டி வெச்சா இடமே வேண்டாம். முட்டி நல்லா இருக்கிற கெஸ்ட்டுக்கு மட்டும்.

லிஸ்ட் பார்த்தாச்சு. இனி உங்க வீடு எதுன்னு பார்க்கலாம்.

பழைய வீடு: சுவர்ல கை வைக்காதீங்க

என் தோழியின் குடும்பத்துக்குக் காரைக்குடி பக்கத்தில் ஒரு பூர்வீக வீடு இருக்கு. வருஷத்தில் ரெண்டு தடவை, கோயில் விசேஷத்துக்கும் பொங்கலுக்கும்தான் மொத்தக் குடும்பமும் கூடும். அத்தனை பேருக்கும் படுக்கை வேணும், மத்த நாளில் வீடு காலியாவும் தெரியணும். 'சுவர்க் கட்டில் போட்டுடலாம்'னு முடிவு பண்ணி, ஆளைக் கூட்டிட்டு வந்து ட்ரில் போட்டிருக்காங்க. முதல் ஓட்டையிலேயே ஒரு முறம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்திருக்கு. உள்ளே ஆங்கர் போல்ட்டைத் திருகத் திருக, அது பிடிக்காம சும்மா சுத்தியிருக்கு.

காரணம் சிம்பிள். அது சிமென்ட் சுவர் இல்லை. சுண்ணாம்புச் சாந்தில் செங்கல் வெச்சுக் கட்டி, மேலே அடுக்கடுக்காச் சுண்ணாம்பு பூசின சுவர். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக் கரு சேர்த்துக் கல்லால் தேய்ச்சு மெருகேற்றுவது செட்டிநாட்டு வழக்கம். தொட்டா கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கும். இந்தச் சுவர் பல தலைமுறைக்கு மேல்தளத்தைச் சுமக்கும். ஆனா, ஒரு போல்ட்டை மட்டும் பிடிச்சு இழுக்கிற பாரத்தைத் தாங்க அது செய்யப்படலை. சுவர்க் கட்டில் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அதைத்தான் செய்யும். போல்ட் கழண்டா கட்டில் ஆள் மேலேயே சாயும். ஒட்டுப் போட்டாலும் அந்த மெருகு திரும்ப வராது. அந்த வேலை தெரிஞ்ச கைகள் இப்போ ரொம்பக் குறைவு.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருக்கு. ஆனா பட்டியலில் இருக்கோ இல்லையோ, எந்தப் பழைய வீட்டுக்கும் ஒரே விதிதான். கட்டில் போனா வேற கட்டில் வாங்கிக்கலாம், சுவர் போனா வாங்க முடியாது. அதனால, தானா நாலு காலில் நிற்கிற கட்டிலா பாருங்க. சுவரின் உதவி தேவைப்படுற எதுவும் வேண்டாம்.

இன்னும் சில விஷயங்கள்:

ஓதம்: பழைய சுவர்கள் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, காற்றில் விட்டுக் காயும். அதை ஒட்டி முதுகு மூடின பாக்ஸ் கட்டிலை வெச்சா, அந்த ஈரம் போக வழியில்லாமல் மரத்தில் பூசணமாகும், கரையானுக்கும் அழைப்பு விட்ட மாதிரி. சுவரிலிருந்து நாலு விரல் இடைவெளி விடுங்க. காலுள்ள கட்டிலா இருந்தா குனிஞ்சு பார்த்தே கரையான் வந்திருக்கான்னு கண்டுபிடிச்சிடலாம்.

தரை: ஆத்தங்குடி கல் கையால் செய்யப்படும் சிமென்ட் கல். இரும்புக் கால் துருப்பிடிச்சா அந்தக் கறை கல்லுக்குள் இறங்கிடும். ஆசிட் ஊத்தினா கறையோட கல்லின் நிறமும் மெருகும் சேர்ந்து போயிடும். காலுக்கு ரப்பர் புஷ், சக்கரத்துக்கு ரப்பர் உறை கட்டாயம்.

நிலை: வாசல் கதவு பிரமாண்டமா இருக்கும். உள் அறைகளுக்கோ குறுகலான, தாழ்வான நிலை. அளக்காம வாங்கின கட்டில் முகப்போட நின்னுடும். போல்ட்டைக் கழற்றிப் பலகை பலகையா எடுத்துட்டுப் போகிற மாதிரி கட்டில்தான் சரி.

யோசிச்சுப் பார்த்தா, இந்த வீடுகள் இடப் பிரச்னையை எப்பவோ தீர்த்துட்டுதான் நின்னிருக்கு. பாயும் சுருட்டின மெத்தையும் உள் அறையில் இருக்கும். ராத்திரி ஆனா வளவைச் சுற்றி விரியும், விடிஞ்சா காணாமல் போகும். ஊஞ்சல் பலகையில் தாத்தா தூங்குவார், வழிப்போக்கருக்குத் திண்ணை. எதுவும் சுவரில் தொங்கலை, எதுவும் நிரந்தரமா இடத்தை அடைக்கலை. கடைசியில் என் தோழி வீட்டிலும் அதையேதான் செஞ்சாங்க: பெரியவங்களுக்கு மட்டும் கழற்றி மாட்டுற மரக் கட்டில்கள், நடுத்தர வயசுக்காரங்களுக்கு நாடாக் கட்டில்கள், மீதிப் பேருக்குப் பாயும் மெத்தையும். விசேஷம் முடிஞ்சா எல்லாமே ஒரு உள் அறைக்குள் அடங்கிடுது.

கடலோர வீடு: எதிரி கண்ணுக்குத் தெரியாது

இப்போ என் கதைக்கு வரேன். என் சோபாவைக் கொன்னது யாரு? உப்பு.

அலை உடையும்போது தெறிக்கிற நுண்ணிய உப்புத் துளிகளைக் கடல் காற்று வீட்டுக்குள் கொண்டுவருது. உப்பு எங்கே படிஞ்சாலும் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசியுமே, அதே கதைதான். அந்த ஈரப் படலம் இரும்பின் மேல் எப்பவும் இருந்தா துரு நிற்கவே நிற்காது. அது தொடங்குற இடம் நம்ம கண்ணில் படுற பளபள மேற்பரப்பு இல்லை. வெல்டிங் மூட்டு, திருகு ஓட்டை, குழாயின் உட்புறம், கீல்... அதாவது பெயின்ட் எட்டாத இடங்கள். 'பவுடர் கோட்டிங் இருக்கு, துருவே பிடிக்காது'ன்னு சொன்னா நம்பிடாதீங்க. கோட்டிங்கில் ஒரு கீறல் விழுந்தா போதும், துரு அதுக்கு அடியிலேயே பரவும். மடக்குற கட்டிலில் ஒவ்வொரு மடக்கும் ஒரு கீறல்தான்.

அதனால கடலோர வீட்டுக்கு என் முதல் விதி: அசையும் பாகம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு நல்லது. சோபா கம் பெட்டைவிட இழுப்புக் கட்டில் மேல். ஹைட்ராலிக் திவானைவிட, பலகையைக் கையால் தூக்குற சாதா திவான் மேல்.

ஸ்டீல் வாங்குறீங்கன்னா கிரேடு கேளுங்க. 304-ஐவிட 316 கடலோரத்துக்கு நல்லது. அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கு, உப்பை எதிர்த்து நிற்கும். 304-இல் கடற்கரைக் காற்றில் பழுப்புப் புள்ளிகள் வரலாம், அடிக்கடி துடைச்சா சமாளிக்கலாம். 'காந்தம் ஒட்டலை பாருங்க, ஒரிஜினல் ஸ்டீல்'னு காட்டுவாங்க. மலிவான 200 வரிசை ஸ்டீலில்கூட காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. எனவே அது சோதனையே இல்லை. கிரேடை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்க. எழுதத் தயங்கினா விஷயம் புரிஞ்சுடும்.

மரம்னா கட்டை மரம் நல்லது. பிளைவுட்னா ஐ.எஸ். 710 முத்திரை இருக்கான்னு பாருங்க, அதுதான் மரைன் கிரேடு. ஐ.எஸ். 303-இல் வர்ற எம்.ஆர். கிரேடு லேசான ஈரத்தை மட்டும் தாங்கும். பார்ட்டிகிள் போர்டு பக்கமே போகாதீங்க. ஈரம் பட்டா ரொட்டி மாதிரி உப்பும், அப்புறம் திருகு நிற்காது.

மெத்தை: அடியில் முழுப் பலகை வேண்டாம், இடைவெளி விட்ட சட்டங்கள் போதும், காற்று ஏறும். உறையைக் கழற்றித் துவைக்க முடியணும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் மெத்தையைப் பெட்டிக்குள் மூடி வெச்சா, ஜனவரியில் வர்ற கெஸ்ட்டுக்குப் பூசண வாசனைதான் வரவேற்பு.

பராமரிப்பு: மாசம் ஒரு நாள் போதும். நல்ல தண்ணியில் நனைச்சுப் பிழிஞ்ச துணியால் உலோகப் பாகங்களைத் துடைச்சு உப்பை எடுங்க. உலர்ந்த துணியால் ஈரத்தை எடுங்க. கீலுக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில். கெஸ்ட் வர்றாங்களோ இல்லையோ, ஒருமுறை விரிச்சு மடிங்க. என் சோபா எட்டு மாசம் தொடப்படாமலே கிடந்தது. தப்பு கடை மேல மட்டும் இல்லைங்க, என் மேலேயும்தான்.

ரெண்டும் சேர்ந்த வீடுன்னா?

புதுச்சேரியில் பழைய வீடும் கடலும் ஒரே தெருவில் இருக்கும். பிரெஞ்சுப் பகுதியோ, திண்ணை வெச்ச தமிழர் பகுதியோ, சுண்ணாம்புச் சுவர், மரக் கட்டைகள் தாங்குற மெட்ராஸ் டெரஸ் தளம், கூடவே உப்புக் காற்று. இங்கே மேலே சொன்ன ரெண்டு லிஸ்ட்டையும் சேர்த்து வாசிக்கணும். கூடுதலா ஒண்ணு: மாடி அறையில் சாமான் அடைச்ச கனமான திவானை வைக்கிறதுக்கு முன்னாடி, கீழ் வீட்டில் நின்னு அண்ணாந்து பாருங்க. தாங்குற கட்டைகளில் ஈரத் தடமோ கரையான் தடமோ இருந்தா, பழைய கட்டடம் தெரிஞ்ச ஒரு மேஸ்திரியோ இன்ஜினீயரோ பார்த்துச் சொல்ற வரை அங்கே பாரம் ஏத்தாதீங்க.

வீட்டை நாள் வாடகைக்கு விடுறவங்களுக்கு: 'ஆறு பேர் தங்கலாம்'னு போடுறதுக்கு முன்னாடி, ஆறாவது ஆள் படுக்கப்போற இடத்தில் நீங்க ஒரு ராத்திரி தூங்கிப் பாருங்க. பெரியவங்க வர்றாங்கன்னா எந்தக் கட்டில் அவங்களுக்குன்னு முன்னாடியே கேட்டு வைங்க. மடக்குற கட்டில் இருக்கிற அறையில் சின்னப் பசங்க விரல் கீலில் மாட்டாம இருக்க, எப்படி விரிக்கணும்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டிடுங்க.

கடைக்குப் போகும்போது இந்த அஞ்சு கேள்வி

1. யார் படுப்பாங்க, எத்தனை ராத்திரி?
2. விரிச்ச பிறகு நடக்க ரெண்டு அடி வழி இருக்கா?
3. சுவரில் ஓட்டை போடாம நிற்குமா?
4. எத்தனை இடத்தில் உலோகம் அசையுது? அந்தக் கீல் மட்டும் தனியா மாற்றக் கிடைக்குமா?
5. நிலை வழியா, மாடிப்படி வழியா உள்ளே போகுமா? வீடு மாறும்போது கழற்றி எடுக்கலாமா?

அஞ்சுக்கும் பதில் இருந்தா, ஆறாவதா 'மடிச்சா எவ்வளவு இடம் பிடிக்கும்?'னு கேளுங்க.

நான் கடைசியில் வாங்கினது ஒரு மர இழுப்புக் கட்டில். கீலே கிடையாது, அடியில் நாலு சக்கரம் மட்டும். பார்க்க ஒண்ணும் ஸ்டைலா இருக்காது, இன்ஸ்டாவில் போட்டா லைக் வராது. மேல் கட்டில் என் முட்டி உயரம், கீழ்க் கட்டில் தரையோடு தரை.

இந்தப் பொங்கலுக்கு அப்புறம் மறுபடியும் கண் செக்கப்புக்கு அப்பா வந்தார். அவர் மேலே, நான் கீழே. காலையில் அலாரம் அடிச்சு எழுந்தப்போ மணி ஏழு. எப்பவும் அஞ்சு மணிக்கே எழுந்துடுற மனுஷன், போர்வையை இழுத்து மூடிக்கிட்டுக் குறட்டை விட்டுட்டு இருந்தார். நல்லா தூங்கினீங்களான்னு நான் கேட்கவே இல்லை.